கேட்க ஆளிருந்தால் சொல்ல வழியுண்டு

(இந்த வாரம் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன: இலக்கியம், மானுடவியல், சொல்லில் சிக்காத அனுபவம். நமக்கும் பிடித்த பக்கம்தான். வாருங்கள்.)

கல்லூரி மாணவி, திருச்சி
கே: 'இலக்கிய மானுடவியல்' என்றால் என்ன? வகுப்பில் நாற்பது நிமிடம் விளக்கினார்கள். புரியவில்லை.
ப: நாற்பது நொடி போதும். ஒரு கதையைப் படித்து, அந்த ஊர் எப்படி உட்காரும், எப்படி முறைக்கும், எப்போது வாயை மூடும் என்று கண்டுபிடிப்பது ஒரு வழி. ஃபெர்னாண்டோ போயாட்டோஸ் என்ற ஸ்பானிய அறிஞர் 1970களில் திறந்த கதவு அது. ஊரிலேயே போய்த் தங்கி, பார்த்ததை இலக்கியமாக எழுதுவது இரண்டாவது. மனிதனுக்குக் கதை எதற்குத் தேவைப்படுகிறது என்று துருவுவது மூன்றாவது; ஜெர்மனியின் வுல்ஃப்காங் ஈசர் அந்தப் பக்கம் போனார். முப்பத்தெட்டு நொடி ஆயிற்று. மிச்சம் இரண்டு நொடி, பேராசிரியரை மன்னிக்க.

அரிசி மண்டி உரிமையாளர், சேலம்
கே: இதையெல்லாம் படித்தால் காசு பணம் வருமா?
ப: வராது. ஆனால் வீட்டில் ஒருவர் திடீரென்று பேச்சை நிறுத்தினால் ஏன் என்று புரியும். அந்த லாபத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

ஓய்வுபெற்ற கணக்கர், தஞ்சாவூர்
கே: நாவல் என்பதே பொய்தானே? அதில் எங்கிருந்து மனித குல ஆராய்ச்சி?
ப: லாரா போஹானன் என்ற மானுடவியலாளர் நைஜீரியாவின் திவ் மக்களோடு வாழ்ந்தவர். கிராமத்தில் பெரியம்மை பரவுகிறது; ஓடுவதா இருப்பதா என்று ஆராய்ச்சியாளருக்கே நடுக்கம். இதை ஆய்வுக் கட்டுரையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? 1954-இல் எலெனோர் ஸ்மித் போவென் என்று பெயரை மாற்றிக்கொண்டு நாவலாக எழுதினார். தகவலுக்குச் சொந்தப் பெயர், உண்மைக்குப் புனைபெயர்! பொய் எங்கே ஒளிந்திருந்தது என்று இப்போது நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆங்கில ஆசிரியர், பாளையங்கோட்டை
கே: மனித மனம் உலகெங்கும் ஒன்றுதானே? ஷேக்ஸ்பியர் எல்லோருக்கும் புரிவாரே?
ப: அதே போஹானன், அதே திவ் மக்கள். பெரியவர்களிடம் ஹாம்லெட் கதை சொன்னார். அண்ணன் செத்தால் தம்பி அண்ணியை மணப்பது நல்ல காரியம்தானே, பையன் எதற்குக் குதிக்கிறான் என்றார்கள். செத்தவர் நடமாட மாட்டார், அது சூனியக்காரன் ஏவிய தோற்றம் என்று திருத்தினார்கள். கடைசியில், உன் கதைக்கு அர்த்தம் உனக்குத் தெரியவில்லை, அடிக்கடி வா, சொல்லித் தருகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். 1966-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். ஷேக்ஸ்பியருக்கே கோனார் உரை போட்ட ஊர் அது.

பிளஸ் டூ மாணவர், விருதுநகர்
கே: சொல்ல முடியாததை இப்போது எமோஜி சொல்லிவிடுகிறதே?
ப: கண்ணில் தூசி விழுந்தாலும் இமை மூடும்; காதலுக்கும் மூடும்; சதிக்கும் மூடும்; இன்னொருவர் கண்ணடிப்பதைக் கிண்டல் செய்யவும் மூடும். கேமராவுக்கு நாலும் ஒன்றுதான். தத்துவாசிரியர் கில்பர்ட் ரைல் சொன்ன உதாரணத்தை எடுத்து, இந்த நாலையும் பிரித்துக் காட்டுவதுதான் எங்கள் தொழில் என்றார் மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ். எமோஜி என்பது வெறும் இமை. யார், யாருக்கு, எப்போது என்பதில்தான் விஷயம். நம்பவில்லையா? தாத்தா காலமான செய்திக்குக் கட்டைவிரல் அனுப்பிய மாமாவைக் கேளுங்கள்.

வங்கி ஊழியர், ஈரோடு
கே: சக ஊழியர் ஒருவர் காலை பதினொரு மணிக்கே "சாப்பிட்டாச்சா?" என்கிறார். என்ன பதில் சொல்வது?
ப: "ஆச்சு, நீங்க?" என்று சொல்லுங்கள். இப்படித் தகவலுக்காக இல்லாமல் உறவுக்காகவே பேசும் பேச்சு ஒன்று உண்டு என்று 1923-இலேயே எழுதினார் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி. பசிபிக் கடலில் ட்ரோப்ரியாண்ட் தீவுக்காரர்களோடு வாழ்ந்து பார்த்தவர். கேள்வி உங்கள் வயிற்றைத் தொடவே இல்லை. 'நீ இங்கே இருக்கிறாய், நான் பார்த்துவிட்டேன்' என்று அவர் கொடுக்கும் ரசீது அது. மெனுவை வாசித்துவிடாதீர்கள்.

செவிலியர், வேலூர்
கே: வலி எப்படி இருக்கிறது என்றால் நோயாளிகள் "ஒரு மாதிரியா இருக்கு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வலியைச் சொல்லவே முடியாதா?
ப: கொடிய வலி மொழியையே உடைத்துவிடும் என்று எலேன் ஸ்கேரி 1985-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1975-இல், மாண்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் வேறு வேலை செய்து வைத்திருந்தார். வலிக்கு 78 சொற்களைத் திரட்டி 20 கூட்டமாகப் பிரித்து நோயாளி முன் வைத்தார். எடுத்துக் கொடுத்தால் ஆட்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.
நீங்களும் கேட்டுப் பாருங்கள்: குத்துகிறதா, குடைகிறதா, இழுக்கிறதா, கடுக்கிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா? நோயாளிக்குச் சொல் பஞ்சமில்லை. வார்டில் நேரப் பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பூ வியாபாரி, மதுரை
கே: மல்லிகை வாசனையை எழுத்தில் கொண்டுவந்துவிட முடியுமா, சொல்லுங்க பார்ப்போம்!
ப: மலாய் தீபகற்பக் காடுகளில் ஜஹாய் என்று ஒரு மக்கள். சிவப்பு, பச்சை என்று நாம் நிறம் சொல்லும் வேகத்தில் அவர்கள் வாசனைக்குப் பெயர் சொல்கிறார்கள். அஸிஃபா மஜித், நிக்லாஸ் புரன்ஹுல்ட் இருவரும் 2014-இல் சோதித்துக் காட்டினார்கள். அதே வாசனைகளை முகர்ந்த ஆங்கிலக்காரர்கள் திக்கித் திணறி, சுற்றி வளைத்தார்கள். மூக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். பழக்கிய ஊர்தான் வேறு. உங்கள் பூக்கடையில் பத்து வருஷம் நின்றவரை நாவல் எழுத வையுங்கள், பிறகு பேசலாம்.

பொறியாளர், ஓசூர்
கே: கதை எப்படி ஆதாரம் ஆகும்? எனக்கு டேட்டா வேண்டும்.
ப: ஆண்டன் செகாவ் என்ற டாக்டர் 1890-இல், சைபீரியாவுக்கு ரயில் பாதை வருமுன், வண்டியிலும் படகிலும் ரஷ்யாவைக் கடந்து சகலின் தீவுக்குப் போனார். கைதிகளின் தீவு. அச்சடித்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கானவரின் கணக்கை எடுத்தார். பெயர், வயது, எந்த ஆண்டு வந்தார், எல்லாம். பிறகு அதைப் புத்தகமாக எழுதினார். எத்தனை பேர் என்று அட்டை சொன்னது. எத்தனையாவது ஆளிடமும் மனிதனைப் பார்க்க முடியும் என்று புத்தகம் சொன்னது. டேட்டா வேண்டும் என்பவர் இரண்டையும் கேளுங்கள்.

நூலகர், நாகர்கோவில்
கே: எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் இலக்கியம் எப்படி இருக்கும்?
ப: மில்மன் பாரி என்ற ஹோமர் அறிஞர் 1930களில் யுகோஸ்லாவியாவுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போனார். அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகரைக் கண்டுபிடித்தார். எழுத்து வாசனை இல்லாதவர். ஒரே காவியம், 12,000 வரிக்கு மேல், மனசிலிருந்து கொடுத்தார். ஹோமரும் இப்படித்தான் பாடியிருக்க வேண்டும் என்ற பாரியின் வாதம் நிலைநின்றது. உங்கள் நூலகத்தில் ஹோமர் எந்த அலமாரியில் இருக்கிறார்? அந்தப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள், அவ்தோவுக்கு.

பஞ்சாயத்து எழுத்தர், திருவண்ணாமலை
கே: அப்படியானால் எழுத்துக்கு மதிப்பே இல்லை என்கிறீர்களா?
ப: மதிப்பு உண்டு, அதிகாரமும் உண்டு. 1938-இல் பிரேசிலில் நம்பிக்வாரா மக்களுக்கு மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் தாளும் பென்சிலும் கொடுத்தார். மற்றவர்கள் கோடு கிறுக்கினார்கள். தலைவர் மட்டும் ஒரு தாளில் வளைவுகளைப் போட்டு, ஊரார் முன்னால் அதை 'வாசித்து', யாருக்கு என்ன பரிசு என்று அறிவித்தார்! எழுத்து தெரியாமலே எழுத்து எதற்குப் பயன்படும் என்று ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். நம்மில் சிலருக்கு அது புரிய பட்டாவில் பெயர் மாற வேண்டியிருந்தது.

இல்லத்தரசி, காரைக்குடி
கே: கல்யாணமாகி முப்பது வருஷம். "உன்னைப் பிடிக்கும்" என்று கணவர் ஒரு தடவை சொன்னதில்லை. மானுடவியலில் மருந்து உண்டா?
ப: உண்டு. மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்கர் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, தமிழ் வீட்டின் அன்பைப் பற்றி 1990-இல் ஒரு நூல் எழுதினார். அன்பு இங்கே அடக்கத்தில் ஒளிகிறது, பழக்கத்தில் ஊறுகிறது, சில சமயம் கடுமை வேஷம் கட்டுகிறது என்று வரிசைப்படுத்தினார். கடைசி இட்லியை உங்கள் தட்டில் தள்ளிவிட்டு "எனக்குப் பசியில்லை" என்பவரா உங்கள் கணவர்? அப்படியானால் சொல்லிவிட்டார்.
ஆனாலும் முப்பது வருஷம் அடங்கியது போதும். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் காபி டம்ளருக்கு அடியில் வையுங்கள்.

லாரி ஓட்டுநர், நாமக்கல்
கே: ஆம்பளை அழக்கூடாதாமே?
ப: எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அவ்லாத் அலி என்ற பெதூயின் மக்கள். மானம், ரோஷம், எதற்கும் கலங்காத முகம். காதல் போனாலும், மனைவி பிரிந்தாலும், "எனக்கென்ன?" என்பார்கள். அதே ஆட்கள் நெருங்கியவர்கள் நடுவில் இரண்டே அடிப் பாட்டில் குலுங்கிவிடுவார்கள். பாட்டில் சொன்னால் மானம் போகாது என்பது அங்கே சட்டம். லிலா அபு-லுகோத் 1986-இல் எழுதியது. உங்கள் கேபினில் இரவு இரண்டு மணிக்கு எந்தப் பாட்டு ஓடுகிறது என்று நான் கேட்க மாட்டேன்.

காவல் துறை ஊழியர், தர்மபுரி
கே: கோபமே வராத மனிதர் உண்டா?
ப: வந்தாலும் காட்டாத ஊர் உண்டு. வட கனடாவின் உட்கு இனுயிட் மக்களிடம் மானுடவியலாளர் ஜீன் பிரிக்ஸ் போய்த் தங்கினார். வெளியூர் மீன்பிடிக்காரர்கள் இரவல் வாங்கிய படகைச் சேதப்படுத்தியதும், ஊருக்காகப் பரிந்து அவர்களிடம் சீறினார். அவ்வளவுதான், ஊரே அவரை ஒதுக்கியது. ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. யாரும் பேச வரவில்லை என்பது மட்டும்தான் தண்டனை. ஒதுக்கப்பட்டோம் என்று புரியவே அவருக்கு நாளாயிற்று. லத்தி இல்லாத லாக்கப்!

நாட்டுப்புறக் கலைஞர், கடலூர்
கே: ஒப்பாரி பாடுகிறவர்கள் "நாடகம் ஆடுகிறார்கள்" என்று படித்தவர்கள் கேலி செய்கிறார்கள். வயிறு எரிகிறது.
ப: எரியட்டும், நியாயமான எரிச்சல். தமிழ்நாட்டு ஒப்பாரியை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே 2005-இல் தம் நூலுக்கு வைத்த தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான். பிணத்தின் முன் உட்காரும் பெண், தன் பிறந்த வீடு, தன் புருஷன், தனக்கு நேர்ந்த அநியாயம் எல்லாவற்றையும் அங்கே இறக்கிவைக்கிறாள். வேறு எந்த நாளில் அவள் வாய் திறந்தாலும் "சும்மா இரு" என்பார்கள். சாவு வீட்டில் மட்டும் தடுக்க ஆளில்லை. இதை நாடகம் என்பவர்கள், மற்ற 364 நாளும் அவளைக் கேட்டார்களா?

தமிழாசிரியர், கும்பகோணம்
கே: இதெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடிப்பா? நம்மிடம் இல்லையா?
ப: இல்லாமலா? உள்ளத்தில் நடப்பது உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியம் தனி இயலே ஒதுக்கியது: மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம். அழுகைக்கு இழப்பு மட்டும் காரணமில்லை, வறுமையும் உண்டு, இழிவும் உண்டு, தளர்ச்சியும் உண்டு. வறுமையில் அழுகிறவரைப் பார்த்து "யார் செத்தார்?" என்று கேட்கும் ஆட்களுக்கு இந்த இயலைக் கட்டாயப் பாடமாக வையுங்கள், ஐயா.

மேடைப் பாடகி, கோவை
கே: என் பாட்டைக் கேட்டு ஒருவர் அழுதார். வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாமா?
ப: பப்புவா நியூ கினியின் போசாவி மழைக்காட்டில் கலுலி மக்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு தம்பி அக்காவிடம் நண்டு மாதிரியான இறால் கேட்டான், அவள் தரவில்லை, அவன் புறாவாக மாறிப் பறந்துபோனான். அந்தப் புறாவின் கூவலிலிருந்துதான் அவர்கள் அழுகையும் பாட்டும் பிறந்தன என்பது அவர்கள் கதை. ஸ்டீவன் ஃபெல்ட் 1982-இல் எழுதினார். அவர் பறவைகளை இனம் பிரித்துப் பட்டியல் போடப் பார்த்தபோது, உனக்குப் பறவை, எங்களுக்குக் காட்டின் குரல் என்ற பொருளில் ஒருவர் அவரை நிறுத்தினார்.
இன்னொன்று: அங்கே நன்றாகப் பாடி ஆடி அழவைத்தவரின் தோளில், அழுதவர்கள் எரியும் தீவட்டியை வைத்துவிடுவார்கள். கோவை ரசிகர்கள் கைதட்டலோடு நிறுத்தியதற்கு நன்றி சொல்லுங்கள்.

திரைப்படக் கல்லூரி மாணவர், சென்னை
கே: ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லாமல் மானுடவியல் படம் எடுக்க முடியுமா?
ப: ராபர்ட் கார்ட்னர் 1986-இல் எடுத்துவிட்டார், காசியில். சுமார் தொண்ணூறு நிமிடம். பின்னணிக் குரல் இல்லை, அடியில் எழுத்தும் இல்லை. மூங்கில், சாமந்தி, படகு, நாய், பிணம், துடுப்புச் சத்தம். விளக்கம் எங்கே என்று அறிஞர்கள் சண்டைக்கு வந்தார்கள். சண்டையை நாற்பது வருஷம் உயிரோடு வைத்திருக்கும் படம் நல்ல படம். நீங்கள் எடுக்கும்போது ஹீரோ அறிமுகப் பாட்டு மட்டும் வேண்டாம்.

விடுதி மாணவனின் தாய், ஊட்டி
கே: ஹாஸ்டலிலிருந்து வந்தால் மகன் பேசுவதே இல்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டும் பலனில்லை.
ப: அமெரிக்காவின் அரிசோனாவில் மேற்கு அப்பாச்சி மக்கள் இருக்கிறார்கள். தொலைவில் இருந்த உறைவிடப் பள்ளியிலிருந்து பிள்ளை திரும்பினால் பெற்றோர்தான் பேசாமல் இருப்பார்களாம். போன பிள்ளை வேறு, வந்த பிள்ளை வேறாக இருக்கலாம். என்ன மாறியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வோம் என்று. கீத் பாஸோ 1970-இல் அவர்களின் மௌனத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இது வருகிறது. கேள்வித்தாளை இரண்டு நாள் ஒத்திவையுங்கள். மகன் தானாக "அம்மா, தெரியுமா..." என்பான். சமையலறை வாசலில் நிற்க மறக்காதீர்கள்.

தலைமை ஆசிரியை, தேனி
கே: திட்டாமல் திருத்த வழி சொல்லுங்கள்.
ப: அதே அப்பாச்சி ஊர், அதே பாஸோ. ஒரு பெண் பூப்புச் சடங்குக்குத் தலையில் சுருள் கிளிப்போடு வந்தாள், முறையில்லை. பாட்டி திட்டவில்லை. சில நாள் கழித்து வீட்டில் எல்லோரும் கூடியிருக்கையில், ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி அங்கே நடந்த ஒரு பழைய கதையை எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். பேத்தி எழுந்து வெளியே போனாள்; கிளிப்பைத் தூக்கி எறிந்தாள். இரண்டு வருஷம் கழித்தும், அந்த இடத்தைத் தாண்டும்போது, அது தினமும் தன்னைப் பின்தொடர்வதாகச் சொன்னாள். ஊரின் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை இருந்தால் பிரம்பு எதற்கு?

மனைவியை இழந்தவர், புதுக்கோட்டை
கே: துக்கத்தில் இருக்கிறேன். ஆனால் அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. இது தவறா?
ப: தவறில்லை, ஐயா. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் இலொங்கோட் மக்கள் ஒரு காலத்தில் மனிதத் தலை கொய்தவர்கள். ஏன் என்று ரெனாட்டோ ரொசால்டோ கேட்டார். நெருங்கியவர் சாவில் வரும் கோபத்தை எங்காவது வீசியாக வேண்டும் என்றார்கள். இவ்வளவு எளிய பதிலா என்று அவர் நம்பவில்லை. ஆழமான கோட்பாடு தேடினார்.
1981-இல் அவர் மனைவி மிஷெல், அவரும் மானுடவியலாளர், பிலிப்பைன்ஸ் மலைப்பாதையில் சறுக்கி விழுந்து இறந்தார். உடலைப் பார்த்த நொடியில் துக்கத்தோடு சேர்ந்து வந்த கோபத்தில்தான் ரொசால்டோவுக்கு அந்தப் பதில் புரிந்தது. முதலில் அதைக் குறித்துவைத்து சுமார் 14 ஆண்டு ஆகியிருந்தது. கட்டுரை எழுதினார், அதுவும் போதவில்லை, 2014-இல் அந்த ஒரு நாளைக் கவிதைப் புத்தகமாக்கினார்.
பதில் அன்றே வந்துவிட்டது. காது வந்து சேரத்தான் அத்தனை காலம். உங்கள் கோபத்தை எங்களுக்கு எழுதுங்கள். நாங்கள் அவ்வளவு தாமதிக்க மாட்டோம்.

வழக்கறிஞர், மயிலாடுதுறை
கே: இந்தியப் பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்கள் பலர் கடைசிவரை அதைப் பற்றிப் பேசவில்லையாமே. பயமா?
ப: மானுடவியலாளர் வீணா தாஸ் பஞ்சாபிக் குடும்பங்களோடு பல ஆண்டுகள் பழகி, 2007-இல் எழுதிய நூலைப் பாருங்கள். பொதுவாக நடந்த கொடுமைகளை அவர்கள் சொன்னார்கள். தமக்கு நடந்ததை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். சமைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள், உறவுகளை ஒவ்வொன்றாக மீண்டும் தைத்தார்கள். அன்றாட வாழ்க்கைக்குத் திரும்புவதே அவர்கள் கொடுத்த சாட்சியம் என்று நம்மைப் பார்க்க வைக்கிறார் தாஸ். வாக்குமூலத்தில் கையெழுத்து மட்டும்தான் கோர்ட்டுக்குத் தெரியும். சுட்ட ரொட்டியைப் படிக்க வேறு படிப்பு வேண்டும்.

பதிப்பாளர், சென்னை
கே: வட்டார வழக்கில் எழுதினால் விற்பனை அடிபடும். கொஞ்சம் மாற்றினால் என்ன?
ப: மாற்றச் சொன்ன ஒரு பதிப்பகத்தின் கதை கேளுங்கள். அடிமை வியாபாரம் சட்டப்படி தடையான பிறகும் 1860-இல் 'க்ளோட்டில்டா' என்ற கப்பலில் அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டவர் கட்ஜோ லூயிஸ். அலபாமாவில் 1927-இல் அவரைப் போய்ப் பார்த்தார் எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். பீச் பழம் கொண்டுபோனார், தர்பூசணியைச் சேர்ந்து சாப்பிட்டார், பேச மனமில்லாத நாளில் பேசாமல் திரும்பினார். அவர் பேசியபடியே எழுதினார். 1931-இல் வந்த பதில்: வழக்கு மொழி வேண்டாம், மாற்று. ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார். புத்தகம் 2018-இல் வந்தது, நன்றாக விற்றது. 87 வருஷ விற்பனையை இழந்தது யார்?

பத்திரிகை நிருபர், சென்னை
கே: அப்படியானால் எல்லோரையும் எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும், இல்லையா?
ப: கூடாது. 1911-இல் கலிஃபோர்னியாவின் ஒரோவில் ஊரில் ஒருவர் தனியாக வந்து நின்றார். யாஹி மக்களில் மிஞ்சியவர் அவர் மட்டும். மானுடவியலாளர் க்ரோபர் அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார். வந்தவர் அம்பு செய்து காட்டினார், மெழுகு உருளையில் பாடினார், கதை சொன்னார். தன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கத்தில் அது தகாது. நிருபர்கள் நச்சரித்ததால் 'இஷி' என்று க்ரோபர் ஒரு பெயர் வைத்தார். 1916-இல் இஷி இறக்கும்வரை சொந்தப் பெயர் அவரோடேயே இருந்தது.
க்ரோபரின் மகள் உர்சுலா லெ குவின். 1968-இல் அவர் எழுதிய மந்திரவாதி நாவலில், உண்மைப் பெயரைக் காப்பதுதான் உயிரைக் காப்பது. அடுத்த பேட்டியில் ஒருவர் "அது வேண்டாமே" என்றால் பேனாவை மூடுங்கள்.

ஆய்வு மாணவர், மதுரை
கே: வெளியாள் ஒருவர் இன்னொரு சமூகத்தைப் பற்றி எழுதலாமா?
ப: எழுதலாம். அதற்கு முன் சினுவா அச்செபேயின் 1958 நாவலின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். முழு நாவலும் ஒக்கோன்க்வோ என்ற மனிதனின் வாழ்க்கை. கடைசியில் வெள்ளைக்கார அதிகாரி அவன் சாவைப் பார்த்து, தன் புத்தகத்தில் ஒரு பத்தி தேறும் என்று நினைக்கிறார். எழுதப் போகிறவர் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்க வேண்டும்: நான் நாவலா, பத்தியா?

அஞ்சல் ஊழியர், கோவில்பட்டி
கே: தமிழில் இந்த வேலையைச் செய்தவர்கள்?
ப: உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தாரே! கி. ராஜநாராயணன். 'கோபல்ல கிராமம்' 1976-இல். கரிசல் வழக்குக்கு அகராதியும் தொகுத்தார், நாட்டார் கதைகளைச் சேர்த்தார், பட்டமில்லாமல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஊருக்குத் துணி வெளுத்து வயிறு கழுவும் பெண்ணை நடுவில் வைத்தார் இமையம், 'கோவேறு கழுதைகள்' நாவலில், 1994. கடலோரப் பரதவர் வாழ்வை 'ஆழி சூழ் உலகு' நாவலில் ஜோ டி குரூஸ் கொண்டுவந்தார், 2004. மூவரும் அந்தந்த மண்ணின் பேச்சை அப்படியே நம்பினார்கள். விசா இல்லாத களப்பணி!

சமூகப் பணி மாணவி, திண்டுக்கல்
கே: களப்பணிக்குப் போன கிராமத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. என்ன செய்யலாம்?
ப: கீர்ட்ஸையும் அவர் மனைவியையும் 1958-இல் பாலித் தீவில் ஒரு கிராமம் காற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஒரு நாள் சட்டவிரோதச் சேவல் சண்டை, போலீஸ் வந்தது, ஊரோடு இவர்களும் ஓடினார்கள். மறுநாளே ஊர் கொண்டாடியது. பல்கலைக்கழகக் கடிதத்தைவிட அந்த ஓட்டம் நல்ல சிபாரிசு. நீங்கள் போலீஸுக்குக் காத்திருக்க வேண்டாம். நாற்று நடவுக்கு ஆள் குறைவாக இருக்கும், இறங்குங்கள்.

கவிஞர், சிவகங்கை
கே: அறிவியல்காரர்களுக்குக் கவிதை வருமா?
ப: மானுடவியலாளர் ரூத் பெனடிக்ட், ஆன் சிங்கிள்டன் என்ற பெயரில் கவிதை எழுதினார். மொழியியலாளர் எட்வர்ட் சபீரும் எழுதிக் குவித்தார். லெவி-ஸ்ட்ராஸ் 1955-இல் எழுதிய பயண நூலுக்குப் பரிசு தர முடியவில்லையே, அது நாவல் இல்லையே என்று பிரான்ஸின் கோன்கூர் பரிசுக் குழு வருந்தியது. வரும் என்பதோடு, சிலரிடம் அடக்கவும் முடிவதில்லை.

தத்துவ ஆசிரியர், பாண்டிச்சேரி
கே: ஆக, சொல்ல முடியாதது என்றே ஒன்று இல்லை என்கிறீர்கள்?
ப: இருக்கிறது. நாம் நினைக்கும் அளவு இல்லை. அந்தக் குவியலைப் பிரித்துப் பாருங்கள். சொல் பழக்கப்படாதது ஒரு பங்கு. ஜஹாய்க்காரருக்கு அது சாதாரணப் பேச்சு. சொல்லை விட்டுப் பாட்டுக்கும் உடம்புக்கும் இடத்துக்கும் குடிபோனது ஒரு பங்கு. தேடிப் போனால் கிடைக்கும். சொன்னவர் சொல்லிவிட்டார், கேட்டவர் கேட்கவில்லை என்பது மிகப் பெரிய பங்கு. மிச்சம் ஒரு கைப்பிடி. அதை மௌனமாக வைத்துக்கொள்ளும் உரிமை அவரவருக்கு உண்டு.

கல்லூரி மாணவர், கோத்தகிரி
கே: என் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவர் கதையை எழுத ஆசை. ரெக்கார்டரை வைத்து "அப்போ மனசு எப்படி இருந்துச்சு தாத்தா?" என்றால் எழுந்து போய்விடுகிறார்.
ப: இலங்கையில் பிறந்த மானுடவியலாளர் வாலண்டைன் டானியல், 1983-இல் மலையகத் தோட்டப் பெண்களின் பாடல்களைச் சேகரிக்கப் போனார். தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம் நடந்த ஆண்டு. ஆட்கள் அவரிடம் வேறு ஒன்றைச் சொல்ல வந்தார்கள், பார்த்த வன்முறையை. கொண்டுபோன கேள்வியைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார். 1996-இல் அது புத்தகமாயிற்று. எழுதினால் வன்முறைக்கு அழகு வந்துவிடுமோ, எழுதாவிட்டால் துரோகமோ என்று ஒவ்வொரு பக்கத்திலும் தவித்தார். அந்தத் தவிப்புதான் அந்தப் புத்தகத்தின் நேர்மை.
நீங்களும் கேள்வியை மாற்றுங்கள், தம்பி. மனசைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். லய வீட்டு வரிசையில் எத்தனை காம்பிரா, அதாவது அறை? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள்? கொழுந்து நிறுக்கும்போது எவ்வளவு கழித்தார்கள்? கங்காணி யார்? தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது பெட்டியில் என்னென்ன இருந்தன? மனசு அந்தப் பெட்டியில்தான் இருக்கும், தாத்தாவே திறப்பார். இன்று திறக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் நாளையும் போங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் நாட்டில் நிறைய. மறுநாளும் போய் உட்காரத் தெரிந்தவர்தான் எழுத்தாளர்.